கடுதாசி தனியாகத்தான் போகும்

அந்தக் கடையில் எதையாவது அச்சடிக்கக் கொடுத்தால் அது நேரே இயந்திரத்துக்குப் போகாது. வரிசையில் நிற்கும் முன்பின் தெரியாத ஓர் ஆளின் கைக்குத்தான் முதலில் போகும்.

"அங்கிள், ஒரு நிமிஷம். இத படிச்சிட்டு, எழுதுன ஆளு எப்படிப்பட்டவருன்னு சொல்லுங்க."

எழுதிய ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். அவர் வாயைத் திறக்கக் கூடாது. நான்தான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. பேசாமல் கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் கடையின் சட்டம் அது. கடைக்கார அக்கா போட்ட சட்டம்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வரிசைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த ஃபோட்டோஸ்டாட் கடை. இரண்டு இயந்திரங்கள், ஒரு கணினி, கால் ஆடும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கோவிட்டுக்கு முந்தைய வருஷங்கள். அக்காவுக்கு அப்போது நாற்பது இருக்கும். நான் அவரைவிட ஆறேழு வயது மூத்தவன். ஆனாலும் ஊரே அக்கா என்றபோது நான் மட்டும் என்ன சொல்லிக் கூப்பிடுவது? நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இது என்ன உறவுமுறை என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். 

மலாயோ தமிழோ ஆங்கிலமோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். எழுத்துப் பிழையைப் பற்றி அவர் கவலைப்பட்டே நான் பார்த்ததில்லை. "அதுக்குத்தான் கம்ப்யூட்டரே செவப்புக் கோடு போடுதே. ஆளு எப்படின்னு கோடு போடுமா அது?" என்பார்.

பூச்சோங்கிலிருந்து வந்த ஒருவரை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஆறடி உயரம். இரண்டு கைகளும் தேக்குக் கட்டைகள் மாதிரி இருந்தன. ஏதோ கிடங்கு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அக்கா அதை வாங்கி, உறை வாங்க வந்த ஓர் ஆன்டியிடம் நீட்டினார். ஆன்டி படித்தார். பாதியிலேயே முகம் வாடிவிட்டது.

"ஐயோ பாவம். ஒடம்புக்கு முடியாதவரா? டொனேஷன் கேக்குறாரா?"

ஆறடி மனிதரால் பொறுக்க முடியவில்லை. சட்டத்தை மீறிக் கத்திவிட்டார். "ஆன்டி, நான் பதினோரு வருஷமா ஃபோர்க்லிப்ட் ஓட்டுறேன்! ஒரு தடவ கூட எதையும் இடிச்சதில்ல!"

"அது எங்க இருக்கு?" என்றார் அக்கா. "கடுதாசில காணோமே."

தேடினால், இரண்டாம் பக்கத்தின் மூலையில் ஒரு வரி. அதற்கு முன்னால் முழுப் பக்கமும் கருணை கூர்ந்து, தயவு பாராட்டி, ஏழை அடியேன் என்று ஒரே கெஞ்சல். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதுவது இப்படித்தான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மேலதிகாரிக்கு எழுதினால் குனிந்துதான் எழுத வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ கூட இடிச்சதில்லன்னு இப்ப சொன்னீங்கல்ல, அத எழுதுங்க லா! அத மொதல்ல எழுதுங்க!"

கடிதம் அரைப் பக்கமாகச் சுருங்கியது. இரண்டு வாரம் கழித்து அந்த மனிதர் ஒரு பை நிறையக் கறிபாப்புடன் வந்தார். வேலை கிடைத்துவிட்டது. நான் மூன்று கறிபாப் தின்றேன். அதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, அன்று சும்மா அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.

இன்னொரு நாள், பங்சாரில் பிள்ளைகள் காப்பகம் நடத்தும் ஒரு பெண் வந்தார். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, அப்படி ஒரு மெல்லிய குரல். பெற்றோருக்கு ஓர் அறிவிப்பு அச்சடிக்க வேண்டும் என்றார். அடையாள அட்டையான ஐசியைப் பிரதி எடுக்க வந்திருந்த ஓர் அங்கிளிடம் அது போனது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். தாமதமாக வரும் பெற்றோர் மீது நடவடிக்கை, காய்ச்சல் உள்ள பிள்ளை அனுமதிக்கப்படாது, பொம்மைகள் பறிமுதல் செய்யப்படும்.

"இது என்னா, நர்சரியா லோக்கப்பா?" என்றார் அங்கிள். "நடத்துறவரு ரிட்டயர்டு போலீஸோ?"

அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கிவிட்டன. மற்ற காப்பகங்களின் அறிவிப்புகளைப் பார்த்துத்தான் எழுதினாராம். கண்டிப்பாக எழுதினால்தான் ஒழுங்கான இடம் என்று நம்புவார்கள் என நினைத்தாராம். போன மாதம் இரண்டு பெற்றோர் வந்து பார்த்துவிட்டு, இதே அறிவிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்ப வரவே இல்லையாம்.

அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னார்.

"நீங்க நல்லவங்கதான், எனக்குத் தெரியுது. ஏன்னா நீங்க என் முன்னாடி நிக்கிறீங்க. ஆனா கடுதாசி தனியாத்தான் போவுது. கூடவே போய் நின்னு 'நான் அப்படி இல்லீங்க'ன்னு சொல்ல முடியுமா உங்களால?"

இதை நான் பத்து முறையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். இது மற்றவர்களுக்குச் சொல்லப்பட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் விருந்துச் சாப்பாடு செய்து கொடுக்கும் தொழில் எனக்கு. ரசீதுகளைப் பிரதி எடுக்கத்தான் அந்தக் கடைக்குப் போவேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை, காரியம், எதுவானாலும் என் அண்டாக்கள் போகும். சமையல்காரரும் காய் நறுக்கும் நான்கு பெண்களும் என்னை நம்பி இருந்தார்கள். இது போதாதென்று, தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பேச்சுப் போட்டியில் மூன்று கோப்பைகள் வாங்கியவன் நான். அந்தக் கோப்பைகள் இன்னும் என் தலைக்குள்தான் இருக்கின்றன என்பாள் மனைவி. வாட்ஸ்அப்பில் ஆர்டரை உறுதி செய்ய நானே ஒரு செய்தி எழுதி, கைப்பேசியில் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தேன். தேதி, ஆட்களின் எண்ணிக்கை, பதார்த்தங்களின் பட்டியல் இவற்றை மட்டும் மாற்றிவிட்டு எல்லோருக்கும் அதையே அனுப்புவேன். அதன் கடைசி வரி எனக்கு மிகவும் பிடித்த வரி.

"இதுபோன்ற இனிய நிகழ்வுகள் தங்கள் இல்லத்தில் மென்மேலும் நடந்தேறவும், அப்போதெல்லாம் எங்களையே அழைக்கவும் அன்புடன் வேண்டுகிறோம்."

கூடவே ஒரு பூங்கொத்துப் படம்.

அந்த வரியை எத்தனையோ கல்யாண வீடுகள் பாராட்டியிருக்கின்றன. அப்புறம் ஒருநாள் அது கிள்ளானில் ஒரு வீட்டுக்குப் போனது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் திடீரென்று இறந்துவிட்டார். அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குச் சைவச் சாப்பாடு, இருநூறு பேருக்கு. மகன் ஃபோனில் பேசினார். அம்மாவின் எண்ணுக்கு விவரத்தை அனுப்பச் சொன்னார். நான் தேதியை மாற்றினேன், எண்ணிக்கையை மாற்றினேன், பட்டியலை மாற்றினேன். அனுப்பினேன். கணவரை இழந்து ஒன்பது நாளே ஆன அந்த அம்மாளின் கைப்பேசிக்கு, இதுபோன்ற இனிய நிகழ்வுகள் மென்மேலும் நடந்தேற வேண்டும் என்ற என் வாழ்த்து போய்ச் சேர்ந்தது. பூங்கொத்துடன்.

அரை மணி நேரத்தில் மகன் அழைத்தார். "அங்கிள், நீங்க அனுப்புனத நீங்களே ஒரு தடவ படிச்சுப் பாருங்க. நீங்க சாப்பாடு கொண்டு வர வேணாம்." கோபமாகக் கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உறவினர் யாரோ அதைப் படம் பிடித்து ஒரு குழுவில் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து இன்னொரு குழு, அங்கிருந்து இன்னொன்று. மறுநாள் எனக்கே அது வந்தது. 'இந்த ஆளை வீட்டுப் பக்கம் சேர்க்காதீர்கள்' என்று மேலே ஒரு குறிப்புடன். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். என் சாம்பாரைப் பற்றியோ பாயாசத்தைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டே நாளில் இரண்டு கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. அதில் ஒரு பெண் வீட்டார் காரணத்தையே சொல்லிவிட்டார்கள். "ஒரு மெசேஜ கூட பாத்து அனுப்பாத ஆளு, சமையல்ல என்னத்த பாப்பாரு?" சமையல்காரர் என் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

நான் உட்கார்ந்து ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். தங்க நிற ஓரம் போட்ட தாளில் அச்சடிக்கலாம் என்று ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அக்கா வாங்கினார். படிக்கவே இல்லை. வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த ஓர் ஆளைப் பார்த்தார். 

"அக்கா, இது வேற மாதிரி. இது என் சொந்த விஷயம்."

"அதான் அண்ணே, கண்டிப்பா படிக்கணும்," என்று சொல்லிவிட்டு அந்த ஆளிடம் நீட்டினார். "பாஸ், எழுதுனவரு எப்படிப்பட்ட ஆளு?"

நான் காற்றாடியைப் பார்த்தேன். அந்த ஆள் நிதானமாகப் படித்தார். கணினிக் கோளாறு காரணமாக நேர்ந்த அசம்பாவிதம் என்று எழுதியிருந்தேன். எங்களது இருபதாண்டுத் தூய சேவையில் என்று எழுதியிருந்தேன். சில விஷமிகள் இதைப் பரப்பி வருவது வருத்தத்திற்குரியது என்றும் எழுதியிருந்தேன்.

"தப்பு செஞ்சிட்டு கம்ப்யூட்டர் மேல போடுற ஆளு," என்றார் அவர். "இப்பவும் தன்னப் பத்தியே பேசுறாரு பாருங்க. செத்துப்போனவர பத்தி ஒரு வார்த்த இல்ல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரோட்டில் போகிறவனெல்லாம் எனக்குத் தீர்ப்பு எழுதுவதா என்று அக்காவிடம் கத்திவிட்டுக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். கிள்ளான் வரைக்கும் மனதுக்குள் அந்த ஹெல்மெட்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். பேச்சுப் போட்டியாக இருந்தால் நான்காவது கோப்பை எனக்குத்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "நீங்க நல்ல மனுஷன். ஆனா இதப் படிச்சா எனக்கே சந்தேகமா இருக்கு," என்றாள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வாசலில் நின்றேன்.  அக்கா கதவை ஏற்றிவிட்டார், நாற்காலியைக் காட்டினார், பக்கத்துக் கடையில் சொல்லி எனக்குப் பாலில்லாத ஒரு தே ஓ வரவழைத்தார். நான் எழுதினேன். இரண்டாவது கடிதத்தைப் பூ வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார். அதில் மன்னிப்பு ஒழுங்காக இருந்தது. ஆனால் கடைசியில், பதினாறாம் நாள் பொறுப்பைத் திரும்ப என்னிடமே தந்தருள வேண்டும் என்று ஒரு பத்தி.

"ஆர்டர் போயிடுச்சேன்னு கவல போல," என்றார் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே.

அந்தப் பத்தியை வெட்டினேன். உடம்பிலிருந்து எதையோ வெட்டியது மாதிரி இருந்தது. மதியத்துக்குள் மூன்றாவது கடிதம் முடிந்தது. அது இவ்வளவுதான்:

"அம்மா, உங்கள் கணவரின் காரியத்துக்கு நான் அனுப்பிய செய்தி உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று இப்போது உணர்கிறேன். எல்லா வீட்டுக்கும் ஒரே செய்தியை அனுப்புவது என் வழக்கம். அனுப்புவதற்கு முன் நான் அதைப் படிக்கவில்லை. யார் வீட்டுக்குப் போகிறது என்றும் நினைத்துப் பார்க்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. இனி படிக்காமல் எதையும் யாருக்கும் அனுப்ப மாட்டேன். என்னை மன்னியுங்கள்."

இதை வாங்கிப் படித்தவர் தேவாலயத்துப் பாட்டுத் தாள்களைப் பிரதி எடுக்க வந்த ஓர் ஆன்டி. 

"இந்த அம்மா மன்னிப்பாங்களான்னு தெரியல," என்றார். "ஆனா இவரு உண்மைய சொல்றாரு."

அக்கா சாதாரண வெள்ளைத் தாளில் அச்சடித்தார். தங்க ஓரம் கிடையாது. நான் நேரில் போய்க் கொடுக்கிறேன், கூடவே ஒரு பெட்டி லட்டு, என்றேன். அக்கா முறைத்தார்.

"நீங்க போய் நின்னா உங்க மூஞ்சிக்காக ஒரு வார்த்த சொல்லணும் அவங்க. லட்டு குடுத்தா வாங்கணும். ஏன் அந்தத் தொல்ல அவங்களுக்கு? கடுதாசி தனியா போகட்டும் அண்ணே. இப்ப அதுக்குத் தனியா போகத் தெரியும்."

தபாலில் சேர்த்தேன். பதில் வரவில்லை. பதினாறாம் நாள் வந்தது, போனது. வேறு யாரோ சாப்பாடு போட்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு மாதம் கழித்து, போன கல்யாணங்களில் ஒன்று திரும்பி வந்தது. பெண்ணின் தாயார் சொன்னார். கோயிலில் நாலு பேர் என் பேரை எடுத்துச் சிரித்தபோது கணவரை இழந்த அந்த அம்மாளும் அங்கே இருந்தாராம். "அவரு எழுதி மன்னிப்புக் கேட்டுட்டாரு. விட்டுடுங்க," என்றாராம். அத்தோடு அந்தப் பேச்சு நின்றதாம். நான் இதைக் கேட்டுவிட்டு அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், வெங்காயம் நறுக்கும் பெண்கள் முன்னால் நின்று அழுதேன். அவர்கள் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றினார்கள்.

அதன் பிறகு வேலை இல்லாவிட்டாலும் அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். போகப் போகத்தான் ஒன்றைக் கவனித்தேன். ஊருக்கெல்லாம் கடிதம் பார்த்துக் கொடுக்கும் அக்கா, தன் கடையில் எழுதி ஒட்டியிருந்தது என்ன தெரியுமா? இயந்திரத்தின் மேல் பெரிய எழுத்தில், 'தொடாதே. அவசரப்படுத்தாதே. இரண்டு முறை கேட்காதே.' ஒருநாள் எனக்குக் குறும்பு வந்தது. அதை மெல்லப் பிய்த்தெடுத்து, வரிசையில் நின்ற ஓர் அங்கிளிடம் நீட்டினேன்.

"அங்கிள், எழுதுன ஆளு எப்படிப்பட்டவங்க?"

அங்கிள் அக்காவைக் கவனிக்காமலே சொன்னார். "வீட்டுல யாரோடயோ சண்ட போல. கோவத்த இங்க காட்டுறாங்க."

கடையே சிரித்தது. அக்காவும் சிரித்தார், ஆனால் ஒரு கணம் பிந்தித்தான் சிரித்தார். அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டார்.

அடுத்த வாரம் நான் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. மேசை மேல் இருந்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "யாரோ குடுத்துட்டுப் போனாங்க. படிச்சிட்டுச் சொல்லுங்க அண்ணே." ஓர் அக்கா தன் தங்கைக்கு எழுதிய கடிதம். தங்கை புதுவீடு குடிபுகுந்தபோது நடந்த கதை. நேரில் வந்து தட்டு வைத்து அழைக்கவில்லை, ஃபோனில் கூடப் பேசவில்லை, எல்லோருக்கும் அனுப்பிய அழைப்பிதழையே வாட்ஸ்அப்பில் இவளுக்கும் அனுப்பிவிட்டாள். கூடப் பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை எழுத நேரமில்லையா என்று ஆரம்பித்து, யார் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று வரிசையாக இரண்டு பக்கம்.

"இந்த அம்மாவுக்கு சண்டையில ஜெயிக்கணும்," என்றேன். "தங்கச்சி வேணும்னு தோணல."

அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. என்னவோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"சட்டம்னா சட்டம் அண்ணே. எழுதுனவங்க வாயத் தொறக்கக் கூடாது." இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "செமினி ஊர்லதான் இருக்கா. இங்கருந்து ஒரு மணி நேரம். பேசி அஞ்சு வருஷமாச்சு."

நான் என் பூங்கொத்தை நினைத்துக்கொண்டேன். "அவங்களும் படிக்காம அனுப்பிருப்பாங்க அக்கா," என்றேன். "வேணும்னு செய்யல. என்ன மாதிரி ஆளா இருப்பாங்க."

 நான் கிளம்பும்போது அந்த இரண்டு பக்கமும் குப்பைத் தொட்டியில் கிடந்தன. அடுத்தடுத்து எத்தனை கடிதம் எழுதினார், எத்தனை அங்கிள்மார் தீர்ப்புச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் நான் போனபோது, அந்தக் கால் ஆடும் நாற்காலியில் அக்காவின் ஜாடையிலேயே ஒரு பெண் உட்கார்ந்து, அக்காவை விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் முறுக்கு கிடைத்தது அன்றுதான்.

"கடைசியா என்னதான் எழுதுனீங்க?" என்று தனியாகக் கேட்டேன்.

"வீடு பாக்க வரவான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அடுத்த வருஷம் கடை மூடப்பட்டது. ஒருநாள் போனேன், கதவு இறங்கியிருந்தது. நான் பயந்துவிட்டேன். கிட்டே போனால் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'தங்கச்சி கூப்பிட்டாள், செமினிக்குப் போகிறேன். அங்கே இரண்டு பேரும் சேர்ந்து கடை வைக்கிறோம். இத்தனை வருஷம் முகம் தெரியாதவர்களின் கடிதத்தைப் பொறுமையாகப் படித்துக் கொடுத்த எல்லோருக்கும் நன்றி. உங்கள் அவசரத்துக்கு நடுவில் நிறுத்தியதற்கு மன்னியுங்கள்.' என் பக்கத்தில் நின்று படித்த ஓர் ஆள், "நல்ல மனசுக்காரங்க போல," என்றார். அவர் அந்தக் கடைக்கு ஒருநாளும் வந்தவரில்லை.

இத்தனையும் இப்போது நினைவுக்கு வரக் காரணம், போன மாதம் எனக்கு வந்த ஒரு செய்தி. என் கைப்பேசியில் பெயர் இல்லாத எண். பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக்குச் சொல்லிவிட்டு ஒரு வடைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். திறந்து பார்த்தேன்.

"வணக்கம் தம்பி. பல வருஷங்களுக்கு முன் என் கணவரின் காரியத்துக்கு நீங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். அதை நான் எறியவில்லை. தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். கிள்ளானில்தான். சாப்பாடு நீங்கள் போட வேண்டும். ஒரே ஒரு விண்ணப்பம். அந்தக் கடைசி வரியை இந்த முறை விட்டுவிடாதீர்கள். பூங்கொத்தையும்தான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கையிலிருந்த வடையைக் கீழே வைத்தேன். பழைய செய்தி என் கைப்பேசியில் இல்லை, எப்போதோ அழித்துவிட்டேன். புதிதாக எழுதினேன். தேதியைக் கேட்டேன், எத்தனை பேர் என்று கேட்டேன், அவருடைய கணவருக்குப் பிடித்த பதார்த்தம் ஏதாவது இருந்தால் அதையும் இலையில் வைக்கிறேன் என்றேன். கடைசியில் அந்த வரியை, ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். பூங்கொத்து வைத்தேன். அனுப்பப் போனவன் நிறுத்திக்கொண்டேன். பக்கத்தில் ஆபீஸ் சட்டையுடன் ஒருவர் தப்பாவ் பொட்டலம் வாங்கக் காத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ், ஒரு நிமிஷம். இத படிச்சிட்டு, எழுதுன ஆளு எப்படிப்பட்டவருன்னு சொல்றீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கைப்பேசியை வாங்கினார். நான் கடைக் கூரையைப் பார்த்தேன். காற்றாடி இல்லை, ஆனாலும் பார்த்தேன்.

"கல்யாணத்துக்குச் சாப்பாடு போடுறவரா?" என்றார். "எத்தன பொண்ணு அவங்களுக்கு?"

"ஒண்ணுதான்."

"அப்பறம் எப்படி மென்மேலும்?"

"பேரப்புள்ள காதுகுத்து வரும்ல பாஸ்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மறுபடி ஒருமுறை மேலிருந்து படித்தார். கணவருக்குப் பிடித்த பதார்த்தம் என்ற இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல மனுஷன்," என்றார். "யாரு இவரு, ஒங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"நான்தான் பாஸ்," என்றேன்.